பின்சக்கரப் பிடிவாதம்

போன வருடம் என் தம்பி பிரேம்நாத் ஒரு பெரிய கார்க் கம்பெனியின் புதிய குட்டி செடானை வாங்கினான். அது முன்சக்கரம் இழுத்து ஓடுகிற வண்டி. அன்றிலிருந்து என் கணவர் யுவராஜ் அவனோடு பேசுவதில்லை. அவன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குக்கூட நான் தனியாகத்தான் போய் நின்றேன்.

"பின்சக்கரம் தள்ளணும். அதுதான் காரு. கம்பெனி பேரையே கெடுத்துட்டாங்க, உன் தம்பி மாதிரி ஆளுக வாங்கறதாலதான்" என்பார். இவருடையது அதே கம்பெனியின் பழைய பின்சக்கர செடான்; அதுவும் டிரைவர் இல்லாமல் தானாகத்தான் ஓடுகிறது. இவர் ஸ்டியரிங்கைத் தொட்டே ஆறு வருடமாகிறது. ஞாயிறுதோறும் அவிநாசி ரோட்டுப் பேக்கரியில் கூடுகிற கார்ப் பைத்தியங்கள் அத்தனை பேருக்கும் இதே பேச்சுதான்.

நேற்று வண்டியை சர்வீஸுக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த பெண் திரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"உங்க வண்டியும் முன்சக்கரத்துலதான் ஓடுதுங்க சார். ரெண்டு வருஷம் முன்னாடி வந்த அப்டேட்லயே பின் மோட்டாரை நிறுத்திட்டு முன் மோட்டாருக்கு மாத்திட்டாங்க."

"கிளம்பறப்ப முதுகுல ஒரு தள்ளு தள்ளுதேம்மா?"

"அது பழைய மாதிரி தெரியணும்னு சீட்டு தள்ளறதுங்க சார்."

யுவராஜ் போனை எடுத்தார். தம்பியைத்தான் கூப்பிடப்போகிறார் என்று நினைத்தேன். எடுத்த போனை மறுபடி சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அந்தப் பெண்ணிடம் குனிந்தார்.

"அந்தத் தள்ளை இன்னும் கொஞ்சம் கூட்டி வைக்க முடியுமாம்மா?"