நாலாவது ஒத்திவைப்பு

"கல்யாணத்துக்குக்கூட யாரும் இத்தனை தடவை நாள் மாத்தினதில்லை சார். இது நாலாவது தடவை" என்றார் காண்ட்ராக்டர்.

தலைமை அலுவலகத்திலிருந்து அன்று காலைதான் வந்து இறங்கியிருந்த அதிகாரி, தகரக் கொட்டகையின் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் மூடிய அனல் மின் நிலையம். பத்து மாடி உயரத்துக்கு பாய்லர் கட்டடம், பக்கத்தில் இரண்டு புகைபோக்கிகள். வரும் ஞாயிறு காலை வெடி வைத்துத் தரைமட்டமாக்கப் போவதாக ஊர் முழுக்க அறிவித்தாயிற்று. எதிர்த்தெருவில் மொட்டை மாடியில் இப்போதே நாற்காலி போட்டு இடம் பிடித்து வைத்திருந்தார்கள். பாதுகாப்புப் பொறியாளர் கையெழுத்துப் போட்டால்தான் வெடிமருந்தை உள்ளே கொண்டுபோக முடியும். அவள் போட மாட்டேன் என்றுவிட்டாள்.

காண்ட்ராக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவளுடைய அப்பா இதே நிலையத்தில் முப்பத்தோரு வருஷம் பாய்லர் ஃபிட்டராக இருந்தவராம். அவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் சுற்றுச்சுவரை ஒட்டியிருந்த குடியிருப்பில்தானாம்.

"சொந்த வீட்டை இடிக்கிற மாதிரி இருக்கு போல. மனசு வராம, ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு தேடறாங்க. வேற ஆளைப் போட்டீங்கன்னா ஒரே நாள்ல முடிஞ்சிடும்."

அதிகாரி வந்ததே அதற்காகத்தான். மாற்றல் உத்தரவு பையில் தயாராக இருந்தது. ஆனாலும் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டு முடிவு செய்யும் பழக்கம் அவருக்கு இல்லை. அவளை வரச் சொன்னார்.

வந்தவளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். தன் பக்க நியாயம் எதையும் அவள் பேசவில்லை. காட்டுகிறேன் வாருங்கள் என்று சொல்லி, வெள்ளைக் கவச உடையையும் முகமூடியையும் அவரிடம் நீட்டினாள்.

லிஃப்ட் ஓடி வருஷக்கணக்காயிற்று. இரும்புப் படிகளில் ஏறினார்கள். ஆறாவது மாடியில் அவருக்கு மூச்சு வாங்கியது. அவள் நின்று, காத்திருந்து, மறுபடி ஏறினாள். ஒவ்வொரு மாடியிலும் சூடு தாங்கக் குழாய்களைச் சுற்றியிருந்த ஆஸ்பெஸ்டாஸை, தூசி மூச்சில் போனால் வருஷங்கள் கழித்தும் நுரையீரலைத் தின்னும் அந்தப் பட்டையை, உரித்து எடுத்திருந்தார்கள். உரித்த இடத்திலெல்லாம் சிவப்பு பெயின்ட்டில் ஒரு தேதி, பக்கத்தில் அவளுடைய சுழித்த கையெழுத்து. ஒரு குழாய் வளைவுகூட விட்டுப்போகவில்லை. முதல் தடவை கூரைக்கு மேல், இரண்டாம் தடவை தரைக்கடியில், மூன்றாம் தடவை டர்பைன் கூடத்தில் என்று மறைந்திருந்தது அகப்பட்டு, தள்ளிப்போட்ட ஒவ்வொரு முறையும் லாரி லாரியாகச் சரக்கு வெளியே போயிருக்கிறது என்று படியோரம் நின்ற தொழிலாளி சொன்னான்.

"அக்கா தட்டிப் பார்க்காத சுவர் இங்க கிடையாது சார்" என்றபோது அவன் குரலில் பெருமை இருந்தது.

பத்தாவது மாடியில் ஒரு செங்கல் சுவர். எந்த வரைபடத்தைப் பார்த்தாலும் அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை. தட்டியபோது சத்தம் வேறு மாதிரி இருக்கவே, நேற்று அவள் அதில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை போட வைத்திருந்தாள். அதிகாரி டார்ச்சை உள்ளே நீட்டினார். நாற்பது அடி நீளத்துக்குக் குழாய்கள், உடம்பெல்லாம் தடித்த வெள்ளைப் பட்டை. பட்டை விரிசல் விட்டு, உலர்ந்த மாவு மாதிரி உதிர்ந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வெடித்தால் இது எங்கே போகும் என்று கேட்டார். அவள் உடைந்த ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள். கீழே பள்ளிக்கூட மைதானம், அதைத் தாண்டி வரிசையாக வீடுகள், கொடியில் துணிகள்.

"எத்தனை நாள் வேணும்?"

"மூணு வாரம் சார்."

"ரெண்டு வாரத்துல முடியாதா?"

"முடியும்னு பொய் வேணா சொல்லலாம்."

அதிகாரி சிரித்துவிட்டார். முப்பது வருஷ உத்தியோகத்தில் இப்படி நேருக்கு நேர் பதில் சொன்னவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அங்கேயே நின்று தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். மூன்று வாரம் தள்ளிவைப்பதாகவும், கேட்பவர்களுக்குத் தன் பெயரையே சொல்லிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். மாற்றல் உத்தரவைப் பற்றி வாய் திறக்கவில்லை. கீழே வந்ததும் காண்ட்ராக்டரிடம், உங்கள் வரைபடத்தில் இல்லாததை அந்த அம்மாவின் காது கண்டுபிடித்திருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

உடை மாற்றும் கூடாரத்தில் கவச உடையைக் கழற்றிவிட்டு, அதிகாரி சட்டைக் கழுத்தைக் கையால் தட்டிவிடப் போனார். அவள் சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். பிறகு கையை எடுத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்டாள். அதுவரை அவளிடம் பதற்றம் என்பதையே அவர் பார்த்திருக்கவில்லை.

அவருக்கு எல்லாம் புரிந்த மாதிரி இருந்தது. முப்பத்தோரு வருஷம் இந்தத் தூசிக்குள் நின்ற மனிதரை நினைத்தபடி மெதுவாகக் கேட்டார்.

"அப்பாவுக்கு... இதனாலதானாம்மா?"

"இல்லை சார். அப்பாவுக்கு எண்பது ஆகுது. தினமும் காலையில நடக்கப் போறார், ஒரு குறையும் இல்லை."

அதிகாரி குழம்பிப்போனார். உள்ளேயே கிடந்தவருக்கே ஒன்றும் ஆகவில்லையென்றால், காண்ட்ராக்டர் சொன்னதுதான் சரியோ?

"அப்படின்னா, இந்தக் கட்டடத்தை இடிக்க உங்களுக்கு மனசு வரலையா?"

"இதை இடிக்கணும்னு முதல் மனு கொடுத்ததே நான்தான் சார். போனது எங்கம்மா. இந்த கேட்டுக்குள்ள ஒரு நாள்கூட காலடி வச்சதில்லை. தினமும் சாயங்காலம் அப்பா கழட்டிப் போட்ட சட்டையை உதறித் துவைச்சாங்க, அவ்வளவுதான்."