பால் பவுடர் டப்பா

கையில் கிடைத்ததை எடுத்து மகளிடம் கொடுத்தேன். அவளுடைய அம்மாவின் தலைமாட்டில், ஜன்னல் கட்டையில் இருந்த பழைய பால் பவுடர் டப்பா. ஆட்டினால் கிலுகிலு என்றது.

அழுகை நின்றது. ஒன்றரை வயது வாலுக்கு அது போதும். உள்ளே பட்டாணி கிட்டாணி போட்டு வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். பிளாஸ்டிக் மூடியின் ஓரத்தில் பல் தடம் இருந்தது. எல்லாம் இந்த வாலின் வேலைதான்.

குளியலறைக் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே என் மனைவி, பிளாஸ்டிக் நாற்காலியில், கர்ப்பமா இல்லையா என்று பார்க்கும் பட்டையோடு உட்கார்ந்திருந்தாள். நாள் தள்ளிப்போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது.

ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும் என்று அட்டையில் போட்டிருந்தது. ஐந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்பது லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும். அவர்களை வெளியே எடுத்துவிடுவதுதான் என் பிழைப்பு. எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஊரில் இருக்கிற லிஃப்டெல்லாம் என் பேச்சைக் கேட்கும். நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. நான்காவது மாடி. பதினைந்து மாதமாக அவள் கீழே இறங்குவது ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான், அதுவும் என் முதுகில்.

நோயின் பெயர் இரண்டே எழுத்து, எம்.எஸ். முதலில் கேட்டபோது ஏதோ படித்து வாங்கிய பட்டம் மாதிரி இருந்தது. நரம்பைச் சுற்றியிருக்கும் உறையை உடம்பே அரித்துவிடுகிறது என்று டாக்டர் மேசை விளக்கின் வயரைக் காட்டி விளக்கினார். வயர் என்றால் எனக்குப் புரியும். உறை போனால் வயரையே மாற்றிவிடலாமே சார் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

கர்ப்பமாக இருந்த மாதங்களில் மட்டும் அந்த நோய் எங்கேயோ போய்விட்டது. அதுவரை சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தவள், வயிற்றைத் தள்ளிக்கொண்டு நாலு மாடியும் ஏறி இறங்கினாள். உப்பு வாங்க ஒரு தடவை, தீப்பெட்டி வாங்க ஒரு தடவை. எல்லாவற்றையும் ஒரே நடையில் வாங்கக் கூடாதா என்று திட்டினால் சிரிப்பாள்.

பிரசவமாகி மூன்றாம் மாதம் எல்லாம் சேர்ந்து திரும்பி வந்தது. கால்கள் துவண்டன. வாக்கர் வந்தது. வலது கண் மங்கியது. எதைத் தொடுகிறோம் என்பதே விரல்களுக்குத் தெரியாமல் போனது. இன்னொரு பிரசவம் என்றால் மிச்சமிருக்கும் கண்ணும் போகலாம், போகாமலும் இருக்கலாம், சொல்ல முடியாது என்றார் டாக்டர். டாக்டர் சொல்ல முடியாது என்றால் எனக்கு ஒரே அர்த்தம்தான்.

அதனால்தான் கருத்தடை மாத்திரை. அட்டையிலிருந்து அதைப் பிதுக்கி எடுக்க அவள் விரலில் தெம்பில்லை. தினமும் காலையில் நானே பிதுக்கி, சின்னக் கிண்ணத்தில் போட்டு, பக்கத்தில் தண்ணீரும் வைத்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவேன். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. பிறகு எப்படி நாள் தள்ளும் என்றுதான் ஒன்பது நாளாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்தது. வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"ஒரு கோடுதாங்க. ஒண்ணுமில்ல."

"அப்பாடா. தப்பிச்சோம்."

அவள் தோள் குலுங்க அழுதாள். பாவம், எவ்வளவு பயந்துபோயிருந்தாளோ என்று தலையைத் தடவிக் கொடுத்தேன். எனக்கும் கண் கலங்கியது.

மகள் தூக்கச் சொல்லிக் கையை நீட்டினாள், என்னிடம். அம்மாவிடம் கை நீட்டுவதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள். தூக்கியபோது டப்பா நழுவிக் கீழே விழுந்தது. மூடி கழன்றது.

தரையெல்லாம் சின்னச் சின்ன மஞ்சள் மாத்திரைகள்.

ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் பிதுக்கி எடுத்தது. மூடியில் இருந்த பல் தடம் குழந்தையுடையது இல்லை.

மகள் வாயில் போட்டுக்கொள்வதற்குள் குனிந்து பொறுக்க ஆரம்பித்தேன். கட்டிலுக்கடியில் ஒன்று உருண்டு போயிருந்தது. மனைவி வாக்கரை லேசாகத் தள்ளி அதைக் காட்டினாள்.

ஒரே ஒரு தடவையாவது இவளை இடுப்பில் வைத்துக்கொண்டு படி இறங்க வேண்டும் என்று போன மாதம் அவள் சொன்னாள். வீட்டுக்காரரிடம் லிஃப்ட் வைக்கச் சொல்கிறேன் என்று நான் கிண்டல் செய்தேன்.

அந்த ஒன்பது மாதத்தை அவள் மறக்கவில்லை. அதற்குப் பிறகு வந்ததை என்னால் மறக்க முடியவில்லை. கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. பயமாக இருந்தது.

அன்றைய மாத்திரை கிண்ணத்திலேயே இருந்தது. எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். அது கையில் இருக்கிறதா என்று அவள் குனிந்து பார்த்துத் தெரிந்துகொண்டாள். பொறுக்கியதையெல்லாம் டப்பாவிலேயே போட்டு, மூடாமல், அவள் பக்கத்தில் வைத்தேன்.

விழுங்கும்வரை நின்று பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். என்னால் நிற்க முடியவில்லை. மகளின் கையைக் கழுவிவிட வேண்டும் என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு குழாயடிக்குப் போனேன்.

பின்னால் டப்பாவுக்குள் ஒன்று விழும் சத்தம் கேட்டது.

குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டேன்.