சராசரி நாலு மீன்

ஆற்றங்கரையில் வளை தோண்டி வாழ்ந்த நீர்நாய்களின் பள்ளியில், கொக்கு வாத்தியார் பத்தாம் வகுப்புக்குக் கணக்குப் பரீட்சை வைத்தார். 'நம் ஐந்து வளைகளுக்கு நேற்றுக் கிடைத்த மீன்கள் 1, 1, 2, 2, 14. சராசரி என்ன?' என்பது கடைசிக் கேள்வி.

எல்லோரும் நான்கு என்று எழுதினார்கள். குழலி என்ற நீர்நாய்க் குட்டியும் அப்படித்தான் எழுதினாள். ஆனால் கீழே, 'சார், நாலு மீன் கிடைத்த வளை ஒன்றுகூட இல்லை. எங்களுக்கு ஒரே மீன்தான். அம்மா சாப்பிடவில்லை' என்று சேர்த்திருந்தாள்.

கேட்காததை எழுதியதற்காகச் சிவப்பு மையால் சுழிக்கப் போன வாத்தியார் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆற்றின் ஆழமான மடுவில், அந்தப் பதினான்கு மீன் கிடைத்த வளைக்காரர்கள் மட்டுமே மீன் பிடித்துவந்தார்கள். மற்றவர்களும் அங்கே இடம் கேட்டபோது, "சராசரியா வளைக்கு நாலு மீன் கிடைக்குதே, போதாதா?" என்று நீர்நாய்களின் தலைவர் மறுத்திருந்தார். அந்த நாலைக் கணக்குப் போட்டுக் கொடுத்தவரே வாத்தியார்தான்.

விடைத்தாளைக் கவ்விக்கொண்டு அவர் தலைவரிடம் பறந்தார்.

படித்துப் பார்த்த தலைவர், "அப்ப உங்க கணக்கு தப்பா வாத்தியாரே?" என்றார்.

"கணக்கு சரிதாங்க. நான்தான் வளை வளையாப் போய்ப் பார்க்கலை. வாங்க, சேர்ந்தே பார்த்துட்டு வருவோம்."

இருவரும் ஐந்து வளைகளுக்கும் போனார்கள்.

மறுநாள் காலை மடு எல்லோருக்கும் திறந்தது. குழலியின் அம்மாதான் முதலில் குதித்தாள்.