முதலிரண்டு இடங்கள்

விடுதியில் விளக்கணைத்து வெகுநேரமாகியும் எனக்குத் தூக்கம் வரவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்தவளை உலுக்கினேன். நுழைவுத் தேர்வுப் பயிற்சி மையத்தின் மாதிரித் தேர்வில் அவள் முதலிடம், நான் இரண்டாமிடம். அவளுடைய பட்டப்பெயர் கால்குலேட்டர்.

“என்னடி, பேய்க்கனவா?”

“அதைவிட மோசம். நாளைக்குக் காலையில கடைசி பெஞ்சுக்கு என்னை கெமிஸ்ட்ரி நடத்தச் சொல்லிட்டார் சார்.”

“நடத்தேன். ரெண்டாவது ரேங்க் வாங்கினவதானே?”

அழுதுவிட்டேன். “யார்கிட்டயும் சொல்லாதே. கெமிஸ்ட்ரியில எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. மேத்ஸ் மட்டும்தான் நானே போட்டேன். அப்புறம் உன் தாளைப் பார்த்து வட்டம் வட்டமா கறுப்படிச்சேன். நாளைக்குச் சாயம் வெளுத்துடும். துரத்திடுவாங்கடி.”

அவள் சடாரென்று எழுந்து உட்கார்ந்தாள். திட்டப்போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“மேத்ஸ் நீயே போட்டியா? சத்தியமா?”

“சத்தியமா.”

“அப்ப என்னையும் காப்பாத்து. நான் எப்பவும் கேள்வித்தாளைப் பின்னாலேர்ந்துதான் ஆரம்பிப்பேன். கெமிஸ்ட்ரி முடிச்சுட்டு, மேத்ஸ் மொத்தமும் உன்னதைப் பார்த்துத்தான் போட்டேன். மதியம் அதே கும்பலுக்கு நான் மேத்ஸ் நடத்தணுமாம்!”

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டேன்.

“கடைசி பெஞ்சுல மொத்தம் எத்தனை பேர்?” என்றேன்.

“பன்னண்டு பேர்னு சார் சொன்னார்.” நோட்டை எடுத்துக்கொண்டு என் கட்டிலுக்கு வந்தாள். “அவருக்கும் மேத்ஸ் வரலைடி. பதினாலு.”