மூவாயிரம் ரசிகைகள்

எருமப்பட்டியில் மூவாயிரம் ரசிகைகள் நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. சேலத்தில் ஜெரால்ட் ஜன்னலைச் சாத்திவிட்டு, நான்காவது முறையாகக் கிதாரை எடுத்தான்.

எல்லாம் அண்ணன் வின்சென்ட் பழக்கிவிட்டது. எருமப்பட்டி முதலாளி மருதாசலத்திடம் சூப்பர்வைசராக இருந்தபோது, ஐம்பது வருஷத்துப் பழைய ஆங்கில ராக் பாட்டு ஒன்றைத் தானே பாடிப் பதிந்து, தினமும் விடியற்காலையில் ஒலிபெருக்கியில் போட்டான். ரசிகைகள் சொக்கிப்போனார்கள். இப்போது அவன் கப்பல் வேலைக்குப் போய்விட்டான், போன் போகவில்லை. பாட்டு இருந்த பென் டிரைவும் செத்துவிட்டது.

அசல் வெள்ளைக்காரன் பாடியதையே மருதாசலம் போட்டுப் பார்த்தாராம். ஒரே கூச்சல்.

"அண்ணனாட்டவே பாடோணுங்க சாமி," என்று காலையில் போனில் கெஞ்சினார். "நாளைக்கு விடிஞ்சா போட்டாகோணும். இல்லீன்னா எம்பொழப்பே போச்சுங்க!"

 சின்ன வயதிலிருந்தே மாதா கோயிலில் அண்ணன் பாடுவான். ஜெரால்ட் ஆர்மோனியப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவான்.

பல்லவியைத் தொட்டான். தெருவில் லாரி ஹாரன் அடித்தது. மறுபடி தொட்டான். குக்கர் விசில் அடித்தது.

"ஜோஸ்லின், அந்த அடுப்பை அணைச்சுத் தொலை!"

"மூவாயிரம் பேருக்குப் பாடற ஆளு, கட்டுன பொண்டாட்டிக்கு ஒரு வரி பாடியிருக்கீங்களா?" என்றாள் மனைவி. எதிரொலி கேட்காமலிருக்க மருதாசலம் அனுப்பிவைத்த முட்டை அட்டைகளை அவள்தான் சுவர் முழுக்க ஒட்டிக்கொண்டிருந்தாள்.

எட்டாவது தடவை, சாயங்காலக் கோயில் மணி அடிப்பதற்குள் ஒருவழியாகப் பாடி முடித்தான். அண்ணன் குரல் வரவில்லை. அவன் குரல்தான் வந்தது. வேறு வழியில்லாமல் அதையே அனுப்பிவைத்தான்.

மறுநாள் காலை முழுக்க வாசலுக்கும் சமையலறைக்குமாக நடந்தான். காபி ஆடை படிந்து கிடந்தது. பதினோரு மணிக்கு மருதாசலம் அழைத்தார்.

"அண்ணன் குரல் இல்லைன்னு கண்டுபிடிச்சுட்டாங்களா?" என்று கேட்டான் ஜெரால்ட்.

"மொத வரியிலயே தெரிஞ்சுபோச்சுங்க."

ஜெரால்ட் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"இனி அண்ணன் வேண்டாமுங்க சாமி... உங்க பாட்டுக்கு எரநூறு முட்டை சேத்திப் போட்டிருக்குதுங்க!"