இடதுபக்கக் கண்ணாடி

காரின் இடதுபக்கக் கண்ணாடியை இந்த வருடத்தில் மூன்றாவது முறையாக மாட்டி முடித்து, மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"கண்ணாடியில குத்தம் இல்லண்ணே. போன தடவ போட்டதும் நல்லாத்தான் இருந்துச்சு."

"நல்லா இருந்தா ஆள் வர்றது ஏன்யா தெரியல? வண்டியச் செஞ்சவன் லட்சணம் அப்படி," என்றார் அவள் கணவர்.

பட்டறைச் சுவரோரம் அடுக்கியிருந்த பழைய டயர்களின் மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். நேற்றுக் காலையிலிருந்து அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

பதினோரு வருடமாக அந்தச் சின்னக் காரைப் பற்றி அவர்கள் வீட்டில் இரண்டு கருத்து இருந்தது.

அவர் முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவர். ஒரு கீறல் கிடையாது. ஓய்வு பெறும் நாளில் அதற்காகவே மாலை போட்டார்கள். அப்படிப்பட்டவருக்கு இது காரே இல்லை. தீப்பெட்டிக்குச் சக்கரம் வைத்தது. மேடு வந்தால் மூச்சு வாங்கும். பக்கத்தில் லாரி போனால் நடுங்கும். யானைப்பாகன் கையில் ஆட்டுக்கயிற்றைக் கொடுத்த கதை என்பார், கேட்டவரிடமும் கேட்காதவரிடமும்.

அவளுக்கு அதுபோல ஒரு வண்டி உலகத்தில் இல்லை. எந்தச் சந்திலும் ஒடித்துத் திரும்பும். குடிக்கிற பெட்ரோலுக்கு மேலேயே ஓடும். பின்சீட்டை மடக்கினால் ஏழடித் திரைக்கம்பி சாய்ந்து படுத்துக்கொள்ளும். வீடு வீடாகப் போய் ஜன்னலை அளந்து திரைச்சீலை தைத்து மாட்டுகிறவள் அவள். கார் இல்லையென்றால் அந்தத் தொழிலுக்குக் கால் இல்லை.

அதே கார் வாங்கலாமா என்று யோசனை கேட்க ஒருமுறை அவருடைய தம்பி வந்தான். ஒரு மணி நேரம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "அண்ணன் பேச்சக் கேட்டா இந்த வண்டிய வாங்கக் கூடாது. அண்ணி பேச்சக் கேட்டா வேற வண்டியே வாங்கக் கூடாது," என்று எழுந்து போய் ஸ்கூட்டர் வாங்கிவிட்டான்.

அதுவரை அது சிரிக்கிற சண்டைதான்.

இந்த ஒரு வருடமாகச் சிரிக்க முடியவில்லை. முதலில் வீட்டு வாசல் தூணில் உரசினார். பிறகு நிறுத்தியிருந்த ஒரு மோட்டார் சைக்கிளைச் சாய்த்தார். பிறகு மருந்துக்கடைப் படி.

ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு காரணம் இருந்தது. முன்கண்ணாடியின் ஓரச்சட்டம் தடிமன், ஒரு ஆளையே மறைக்கிறது. பக்கக் கண்ணாடி உள்ளங்கை அளவு. முன்விளக்கு மெழுகுவத்தி.

அவளிடமும் ஒரு காரணம் இருந்தது. திமிர். ஊரே ஒதுங்கி வழிவிட்ட பஸ்ஸில் உட்கார்ந்திருப்பதாகவே இன்னும் நினைப்பு. வாய்வரை வரும். வெளியே விடாமல் விழுங்கிக்கொள்வாள்.

நேற்று அவருக்குப் பக்கத்துச் சீட்டில்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் ஓரமாக சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தாள். நிதானமாக, நேராக, தன் வழியில். கார் மெல்ல மெல்ல அவள் பக்கம் நகர்ந்தது. இவள் கத்தினாள். கண்ணாடி போய் சைக்கிளின் கைப்பிடியில் மோதியது.

நல்லவேளை, அந்தப் பெண் விழுந்தது மணல் குவியலில். முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. சிதறிய புத்தகங்களை இவள்தான் பொறுக்கித் தந்தாள்.

"எங்கருந்து வந்துச்சு அந்தப் பொண்ணு?" என்று அவர் கேட்டார். உண்மையாகவே கேட்பதுபோல் கேட்டார். அந்த நடிப்பைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

இப்போது மெக்கானிக் உள்ளே போனதும் அவர் அவள் முன்னால் வந்து நின்றார்.

"மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா ஆச்சா? முப்பத்தோரு வருஷம் ஓட்டுனவன் நானு. எனக்கு ஓட்டத் தெரியலங்கிறியா, இல்ல வண்டி சரியில்லங்கிறியா? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

சொல்லிவிடுவது என்று அவள் நிமிர்ந்தாள். ஒரு வருடமாக விழுங்கியதெல்லாம் வரிசையாக நாக்கு நுனியில் நின்றது. கேட்டபிறகு இந்த மனிதர் தன்னோடு ஒரு மாதம் பேசமாட்டார். பரவாயில்லை. அடுத்த முறை மணல் குவியல் இருக்காது.

நிமிர்ந்தவள் அப்படியே நின்றுபோனாள்.

மெக்கானிக் திரும்பி வந்திருந்தார். அவள் மெக்கானிக்கைப் பார்த்தாள். மெக்கானிக் அவளைப் பார்த்தார். இருவராலும் பார்வையை விலக்க முடியவில்லை.

"என்ன, பேச்சக் காணோம்?" என்றார் கணவர்.

நாக்கு நுனியில் நின்றவை ஒவ்வொன்றாக உள்ளே போயின.

"நீங்க சொன்னதுதான் சரி. வண்டிதான் சரியில்ல. வித்துடலாம்."

அவர் நம்பாமல் பார்த்தார். பிறகு முகம் முழுக்க மலர்ந்தது.

"இதச் சொல்ல உனக்குப் பதினோரு வருஷம் ஆச்சு. சரி, கிளம்பு. எங்க போனான் இவன்? சாவியக் குடுத்தான்னா போய்க்கிட்டே இருக்கலாம்."

அவருடைய இடது தோளிலிருந்து ஒரு சாண் தள்ளி, நீட்டிய கையில் சாவியோடு, மெக்கானிக் வெகு நேரமாக அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார்.

அவள் எட்டி அதை வாங்கிக்கொண்டாள்.