மூன்று கிலோ பை

திருச்செந்தூர் பாதயாத்திரைக் குழுவில் புருஷன் பொண்டாட்டிக்குச் சேர்த்து ஒரு பைதான். மூன்று கிலோவைத் தாண்டக் கூடாது. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் வெங்காயம் விற்கும் இசக்கிராஜ், கடைத் தராசை வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்துப் பார்த்தார். மாற்றுத்துணி, இரண்டு துண்டு, வெறுங்காலோடு நடந்துபோய் பஸ்ஸில் திரும்பும்போது போட இரண்டு ஜோடிச் செருப்பு. சரியாக மூன்று கிலோ.

காலையில் கிளம்பும்போது மூன்றேகால் காட்டியது.

“ஏட்டி, என்னத்தத் திணிச்ச?”

“நான் தொடவேயில்ல. நீங்கதான் எதையோ ஒளிச்சு வச்சிருக்கிய,” என்றாள் மனைவி உலகம்மாள்.

பையைக் கொட்டினார்கள். ஒரு துண்டு ஈரமாக இருந்தது. உப்பு வாடை அடித்தது. உதறியதும் கடல்மணலோடு ஒரு பஸ் டிக்கெட் விழுந்தது. திருச்செந்தூரிலிருந்து பாவூர்சத்திரத்துக்கு. அவர்கள் ஊர் திரும்ப வேண்டிய, வரப்போகிற ஞாயிற்றுக்கிழமையின் தேதி. ஒரு நபர்.

இருவரும் அதை மாறி மாறி வாங்கிப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“மால போட்டாச்சு. போவாம இருக்க முடியாது,” என்றார் அவர்.

உலகம்மாள் மறுபடியும் பையைக் கட்டினாள். எடை குறைய, ஒரு ஜோடிச் செருப்பை மட்டும் எடுத்து வாசலில் வைத்தாள். தராசு மூன்று காட்டியது.

வாசலில் இருந்தது அவருடைய செருப்பு.